பிரேக் இல்லாத சைக்கிள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நம் மலைச்சாலைகளில் ஓட்டிய என்னை, இந்த ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியில் மரப்பலகை பதித்த வட்டப் பாதையில் ஓட்டச் சொல்கிறார்கள். வளைவுகள் சுவர்போல் நிற்கின்றன, சைக்கிளில் பிரேக் கிடையாது. நேற்றுப் பயிற்சியில் பயந்து வேகத்தைக் குறைத்ததால் உச்சியிலிருந்து சறுக்கி விழுந்தேன். வெறும் சிராய்ப்புதான்.

"மெதுவாப் போனாத்தான்டி விழுவ," என்றாள் அறைத்தோழி லுவாம்.

"உனக்குப் பயமில்லையா?"

"பயந்துதான் அவ்ளோ வேகமா மிதிக்கிறேன்."

இன்று காலை அவளுடைய பின்சக்கரத்தையே பார்த்தபடி பத்துச் சுற்று முடித்தேன். ஆனால் அவளுடைய பந்தயங்கள் முடிந்துவிட்டன. இந்தக் கடிதத்தோடு இன்றே நம் அஸ்மாராவுக்கு வருகிறாள். சனிக்கிழமை நான் தனியாகத்தான் ஓட்ட வேண்டும்.

அவளைச் சாப்பிட வைத்து அனுப்புங்கள். பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டாம். ஃபோனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள், முடிந்ததும் நானே பேசுகிறேன். வேறு யாராவது பேசினால் பதற வேண்டாம்.

லுவாமை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் செனாயித்