கார்டில் உன் பெயர்

கார்வேட்டிநகரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் ஹேமநாத்துக்கு, அம்மா தாட்சாயணி எழுதிக்கொள்வது. ஐதராபாத்தில் நீயும் கீர்த்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். நானும் அழுதுவிடுகிறேன். கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் நைனாவுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டது. உனக்குச் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இனிமேல் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. வாரா வாரம் திருப்பதிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறோம். மாங்காய் லாரிக்கு லோடு ஏற்றின மனுஷன், இப்போது ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் உட்கார்ந்துவிடுகிறார். நான் மாங்கூழ் பேக்டரியில் பழம் வெட்டப் போகிறேன். சீசன் இருக்கிற வரைக்கும் அந்த வேலை.

இந்த நோய்க்கு அரசாங்கம் பென்ஷன் தருகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பென்ஷன், கார்டு எல்லாம் பார்க்கிற நம் ஊர் சச்சிவாலய ஆபீசுக்குப் போனோம். அங்கே வேலை பார்க்கும் சுஷ்மிதா, நைனாவின் விரலை மெஷினில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிலம் இல்லை, கார் இல்லை, கரண்ட் பில்லும் கொஞ்சம்தான். எல்லாம் சரியாக வந்து, கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. உங்கள் பையன் வருமான வரி கட்டுகிறார், உங்கள் ரேஷன் ரைஸ் கார்டில் அவர் பெயரும் இருக்கிறது, அதனால் உங்களுக்குத் தகுதி இல்லை என்று தெலுங்கில் சொன்னாள். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது, சிரிக்காதே. பின்னால் வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுப் பத்மாவதிக்குக் கேட்டிருக்குமா என்று திரும்பிப் பார்த்தேன்.

கல்யாணம் ஆனதும் நீ தனிக் கார்டு கேட்டாயே, அன்றைக்கே உன் பெயரைப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். நம் வீட்டுக் கார்டில் இதுவரை எடுத்த பெயர் உன் தாத்தாவுடையது ஒன்றுதான். கருமாதி முடிந்த பிறகு எடுத்தோம். அதனால் நைனாவுக்கு மனசு வரவில்லை. மாமனார் பேச்சைக் கேட்டு எங்களை விட்டுப் பிரிகிறாயா என்று கீர்த்தி எதிரிலேயே கத்தினார். தப்புதான். அன்றைக்குப் போன நீ இன்னும் வரவில்லை.

பெயரைப் பிரித்துவிட்டால் பென்ஷன் வரும் என்று சுஷ்மிதா சொன்னதும் நைனா எழுந்துவிட்டார். "உயிரோட கீற புள்ள பேர எடுத்துட்டு எனக்கு இன்னாத்துக்குப் பென்ஷன்? வா, போலாம்" என்றார். பஸ் செலவுக்கு என் கம்மலை அடகு வைத்தது தெரிந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன் என்கிறார். கால் வீங்கிக் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஹேமா.

அவரை நான் சம்மதிக்க வைக்கிறேன். நீ வந்து கைரேகை வைத்தால் பெயர் பிரிந்துவிடும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மட்டும் தனியாகப் போய்க் கேட்டேன், நீ வர வேண்டியதுகூட இல்லையாம். உன் போனுக்கு ஒரு ஓடிபி வருமாம், அதை நீ அங்கிருந்தே சொன்னால் போதுமாம். சுஷ்மிதா உன் போன் நம்பர் கேட்டாள். வீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எனக்கு மனப்பாடம் இல்லாத நம்பரா அது?

அடுத்த வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். அதற்கு மேல் அவர் உடம்பு தாங்காது, நம்பரைக் கொடுத்துவிடுவேன். அப்போது ஓடிபி வந்தால் யோசிக்காமல் சொல்லிவிடு. உன்மேல் எனக்குக் கோபம் இருக்காது.

ஏழுமலையான் உங்கள் இரண்டு பேரையும் நன்றாக வைக்கட்டும். ஒருவேளை வந்தால், நேராக சச்சிவாலயத்துக்குப் போய்விடாதே அப்பா. முதலில் வீட்டுக்கு வா. நைனா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடு. சாப்பிட்டு எழுந்திருக்கும் வரைக்குமாவது எங்கள் கார்டிலேயே இரு.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா