ஒரு நாள் முந்திய கூட்டம்

டோர்ட்மண்ட்
19.10.2008

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

தம்பி நடேசன் எழுதுவது. உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அங்கே குளிர் தொடங்க முன்னர் அத்தானை அந்தப் படியைத் திருத்தச் சொல்லுங்கோ. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் சொல்ல ஏலாத விஷயம், அதனால்தான் கடிதம்.

அஜிதா தோற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மற்றக் கட்சியிடம் என்றாலும் பரவாயில்லை, தேர்தல் அடுத்த வருடம்தானே. தன் சொந்தக் கட்சியிலேயே, எங்கள் வட்டாரத்துக்கு நகரசபை வேட்பாளர் யார் என்று தீர்மானிக்கும் மாநாட்டில், நான்கு வாக்கால் தோற்றாள். ஒன்பது வருடமாக மழையிலும் துண்டுப் பிரசுரம் கொடுத்தவள். அவள் வேலை செய்கிற சிறுவர் பள்ளியை மூடலாமா என்று வரப்போகிற சபைதான் முடிவெடுக்கும். அந்த மேசையில் தானும் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. வென்ற பிரிங்க்மன் அதைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். யோசிப்பார்.

அக்கா, என் மனைவியைத் தோற்கடித்தது பிரிங்க்மன் இல்லை. நான்.

எங்கள் கட்சிக் கிளையில் நாற்பத்தொரு பேர், அதில் இருபத்தாறு பேர் தமிழர். கிளைச் செயலாளர் நான். பஸ் ஓட்டுகிறவனுக்கு அப்படி ஒரு பதவி வந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரியும், நீங்களே பகிடி பண்ணியிருக்கிறீர்கள். மாநாட்டுக்குப் போகும் ஆறு பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யச் செப்டம்பர் ஏழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருந்தேன். பிறகு பார்த்தால் அதே நாள் நாகமுத்தண்ணையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்தது. எங்கள் சனம் ஒருவரும் கூட்டத்துக்கு வராது. நானும் வழமைபோல, நாள் சரிவராவிட்டால் ஒரு கிழமை முந்தி வைப்பம் என்று ஓகஸ்ட் முப்பத்தொன்றுக்கு மாற்றினேன். எங்கள் கொண்டாட்டங்களை அப்படித்தானே மாற்றுகிறோம்.

அந்தக் கிழமையே அஜிதா இரண்டு தரம் கேட்டாள், திகதி பற்றி மாவட்ட அலுவலகத்தில் இருந்து சுற்றறிக்கை ஏதும் வந்ததா என்று. இல்லை என்றேன். வந்திருந்தது, அக்கா. யூலையில் பதிவுத் தபாலில் வந்தது, நான்தான் கையெழுத்து வைத்து வாங்கினேன். பதினொரு பக்கம். இரண்டு பக்கம் வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். இந்த நாட்டுக்கு அவளுக்கு எட்டு வருடம் முந்தி வந்தவன் நான். ஆனால் வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்கிறவள் அவள். செயலாளருக்கு வந்த கடிதத்தையும் அவளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வெறும் வீம்பு, வேறு ஒன்றும் இல்லை.

கூட்டம் நன்றாக நடந்தது. ஆறு பேரும் எங்கள் ஆட்கள். அடுத்த ஞாயிறு சாமத்தியவீட்டில் அஜிதாவை முதலில் மேடைக்குக் கூப்பிட்டு ஆராத்தி எடுக்க வைத்தார்கள். ஆட்கள் வந்து வந்து கை கொடுத்தார்கள். அவள் அவ்வளவு சிரித்து நான் கண்டதில்லை.

பிரதிநிதிகளின் பெயர்களைக் கொடுக்கக் கடைசி நாள் பதினான்கு. பதினாறாம் திகதி பிரிங்க்மனின் ஆட்சேபம் வந்தது. செப்டம்பர் முதலாம் திகதிக்கு முன்னர் நடந்த தெரிவு செல்லாதாம். ஒரே ஒரு நாள். திரும்பக் கூட்டம் வைக்கவும் வழியில்லை. அன்று பின்னேரம் லாச்சியைத் திறந்து, அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது, அதுவும் தடித்த எழுத்தில்.

அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆட்சேபத்தைக் கட்சி விசாரிக்க ஒன்பது நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்று வேலைக்குப் போனேன்.

விசாரணைக் குழுவில் அவள் எழும்பி, சுற்றறிக்கை எங்களுக்குக் கிடைக்கவில்லை, என் கணவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை, அதற்கு நான் பொறுப்பு என்றாள். அலுவலகத்துப் பெண் பதிவுத் தபால் ரசீதை மேசையில் வைத்தார். அஜிதா என் கையெழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகக் கதிரையில் இருந்துவிட்டாள். அந்த அறையில் இருந்தவர்கள் அவளும் சேர்ந்து பொய் சொன்னாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எழும்பி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எழும்பவில்லை.

உங்கள் மிச்சிகனிலும் இந்த வருடம் ஜனாதிபதி வேட்பாளர் தெரிவில் திகதியை முந்தி வைத்த பிழைக்கு முதலில் அரை வாக்கு என்று குறைத்து, கடைசியில் முழு வாக்கும் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே அரையும் இல்லை. மாநாட்டில் எங்கள் ஆறு பேரும் வாக்கு அட்டை இல்லாமல், விருந்தினர் வரிசையில் கோப்பி குடித்துக்கொண்டு இருந்தார்கள். ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்துநான்கு. கணக்கு உங்களுக்கே விளங்கும்.

போன கிழமை கிளைக் கூட்டத்தில் நான் பதவியை விடுகிறேன் என்றேன். வேறு ஒருவரும் ஏற்கவில்லை, திரும்பவும் என்னையே போட்டார்கள். அஜிதாவும் கை உயர்த்தினாள். அதற்குப் பதில் என் முகத்தில் துப்பியிருக்கலாம்.

வீட்டில் சண்டை இல்லை. சமைக்கிறாள், பிள்ளைகளோடு வழமைபோல் இருக்கிறாள். விசாரணை நாளில் இருந்து என்னோடு மட்டும் தமிழை விட்டு டொச்சில், இந்த ஜேர்மன்காரரின் பாஷையில் கதைக்கிறாள். சாப்பாடு மேசையில் இருக்கிறது, நாளைக்குக் குப்பை எடுக்கிற நாள், எல்லாம் டொச்சில், மரியாதையாக, அலுவலகத்தில் நிற்கிறவனோடு கதைக்கிற மாதிரி. நான் தமிழில் கேட்டால் அதற்கும் டொச்சில்தான் பதில். பத்தொன்பது வருடத்தில் நாங்கள் இருவரும் அப்படிக் கதைத்ததே இல்லை. மன்னிப்பும் கேட்டுப் பார்த்தேன். „பரவாயில்லை“ என்றாள், அதையும் டொச்சில்.

உங்களோடு அவள் ஞாயிறுகளில் கதைக்கிறவள். இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எனக்காக நியாயம் கேட்கவும் வேண்டாம், என் பக்கம் நியாயம் இல்லை. ஒன்றே ஒன்று. அவளைக் கொஞ்சம் கோபப்பட வையுங்கோ, அக்கா. உன் புருஷன் என்ன மனிசன் என்று கேளுங்கோ. என்னை எவ்வளவு கேவலமாக என்றாலும் திட்டட்டும். தமிழில் திட்டட்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
நடேசன்