வரிசையில் எந்தக் கால்

செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே உன் இரண்டு காலும் சுகம்தானே?

அப்பா பல் பிடுங்கிக்கொண்டு வந்து இரண்டு நாளாகப் பேசவில்லை, வீடு அமைதியாக இருக்கிறது. அண்ணன் தண்ணீர்க் குழாய்க்காக மாடி வீட்டுக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிறான், சொன்னால் கேட்பதில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் பக்கத்தில் ஆடுகிற சுருட்டை முடிக்காரி வலது காலுக்குப் பதில் இடது காலைத் தூக்கிவிட்டாள், நீ சரியான காலைத்தான் தூக்கினாய், வரிசை நடுவில் பிளந்து அரங்கமே சிரித்துவிட்டது, யார் தப்பு என்று மாஸ்டர் கேட்கிறார், சொல்லிவிடட்டுமா என்று எழுதியிருக்கிறாய்.

பதினாறு வருஷம் நாடகக் கம்பெனியில் வரிசையில் நின்று ஆடியவள் சொல்கிறேன். தனியாக ஆடுகிறவளுக்குத் தாளம் போதும், நமக்குப் பக்கத்துக்காரியின் இடுப்பு வேண்டும். அவள் இடுப்புக்குப் பின்னால் கோத்திருக்கிற நம் கைக்கு, அவள் எந்தக் காலை எடுக்கப் போகிறாள் என்று முன்னாலேயே தெரிந்துவிடும். அவள் தப்பாக எடுத்தால் நாமும் கூசாமல் தப்பாக எடுக்க வேண்டும். எட்டுப் பேரும் இடது காலைத் தூக்கினால் பார்க்கிறவர்களுக்கு அதுதான் நடனம்.

இவ்வளவு விவரம் பேசுகிறவள் என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் என் பக்கத்தில் ஆடியது உன் சித்தி. ஒரு நாள் அவளுக்குக் கால் மாறியது. என் கைக்குத் தெரிந்தது, இருந்தும் நான் சரியான காலைத்தான் தூக்கினேன். மாஸ்டர் கேட்டபோது நான் சரியாகத்தான் ஆடினேன் என்றேன். பொய் இல்லை. மறுநாள் ஒத்திகையில் அவள் இடத்தில் வேறு பெண் நின்றாள். அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை, தையல் கடை வேலைக்குப் போனாள். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டன் தைக்கிற துணி மூட்டையோடு வந்திருந்தாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, அவ எந்தக் கால தூக்குனா என்று கேட்டாள். சரியான காலத்தான் என்றேன். உன் பொண்ணாச்சே என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

மாஸ்டரிடம் என்ன சொல்வது என்பது உன் இஷ்டம், நான் தலையிட மாட்டேன். ஆடி முடித்த சூட்டோடு உட்காராதே, கொஞ்சம் நட. நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. இந்தக் கடிதம் வருவதற்குள் நீ சொல்லிவிட்டிருந்தால், அந்தப் பெண் எங்கே தங்கியிருக்கிறாள் என்று விசாரித்து இன்றைக்கே போய்ப் பார், மறக்காதே. நான் என் தங்கையைப் பார்க்கப் போக ஆறு மாதம் ஆயிற்று, அதுவும் நீ வயிற்றில் இருக்கிறாய் என்று சொல்லுகிற சாக்கில்.

உன் அம்மா