சிவராத்திரிக்கு ஓர் இரவல்

சேசு மரி சூசை
மதுரை, 6-1-1936

அன்புள்ள மாப்ள உக்கிரபாண்டிக்கு,

இன்னாசிமுத்து எழுதுவது. நானும் ஆனிமேரியும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஆனால் நீ ஒரு வரி எழுதமாட்டாய். படிக்கிற காலத்தில் உன் வீட்டுக் கணக்கையும் என் தலையில் கட்டிய ஆள்தானே.

எங்கள் பள்ளிக்கூடத்துக் காட்சிசாலையில் 25ஆம் தேதி சனிக்கிழமை குடும்ப தினம். பழம்பொருள் கொடுத்த வீட்டார் எல்லாரும் பெண்டுபிள்ளைகளோடு வரவேண்டும். பிள்ளைகள் பழைய காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அச்சை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மாய விளக்குப் படம் உண்டு, சுண்டலும் உண்டு.

உனக்கு இன்னொரு விசேஷமும் இருக்கிறது. ஓரத்தில் ஏதோ செதுக்கல் தெரிகிறதே என்று உன் கிணற்றடியிலிருந்து கேட்டு வாங்கிவந்தேனே, துவைகல்; அதைப் புரட்டிக் கழுவினோம். அடிப்பக்கம் ஒரு வீரன் நிற்கிறான். கையில் வீசியெறிகிற வளரி, காலடியில் நாய். சுவரோரம் நிறுத்தி, கீழே அட்டையில் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். வந்து பார்.

உன்
இன்னாசிமுத்து

சமயநல்லூர், 27-1-1936

வாத்தியார் மாப்பிள்ளைக்கு உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது.

சனிக்கிழமை நடந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நீ உள்ளே மாய விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய்; ஆரம்பத்தை நீ பார்க்கவில்லை. என் அத்தை சோணையம்மாள் கல்லுக்கு முன்னால் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "அடப் பாவிகளா, இம்புட்டு வருசமா சாமி முதுகுலயாடா அழுக்குத் துணியப் போட்டு அடிச்சீக?" என்றாள்.

மாட்டைக் களவாட வந்தவர்களோடு மோதிச் செத்தவர் எங்கள் முப்பாட்டன். அவர்தான் எங்களுக்குக் குலசாமி. வளரியும் நாயுமாக அவருக்கு ஒரு கல் இருந்தது, கண்மாய் உடைந்த வருஷம் வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அது முதல் வெறும் மண்மேட்டைக் கும்பிட்டு வருகிறோம். கல்லோ கிணற்றடியில் குப்புறக் கிடந்திருக்கிறது. என் மனைவி இரண்டு நாளாகத் துணி துவைக்க வாளியையே தொடவில்லை.

உன் காட்சிசாலையில், அந்தச் செத்த காலேஜில், மஞ்சள் நீரை ஊற்றிக் கற்பூரம் ஏற்றியது தப்புதான். உங்கள் பள்ளிக்கூட மானேஜர் சாமியார் ஓடிவந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் மாசிச் சிவராத்திரிக்கு என் கடைக்குட்டி மொக்கைச்சாமிக்குக் காதுகுத்து. கல் எங்களுக்கு வேண்டும், மாப்ள.

உக்கிரபாண்டி

மதுரை, 3-2-1936

அன்புள்ள மாப்ள,

உன் கடிதத்தை மானேஜர் சாமியாரிடம் படித்தே காட்டினேன். காட்சிசாலைக்குள் வந்த பொருள் வெளியே போகாது, அதுவும் பூஜைக்குப் போகவே போகாது என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நீ.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவர் திருச்சிக்குப் போகிறார். மார்ச் மாதம்தான் திரும்புவார். நீ வண்டியோடு வா. சிவராத்திரிக்கு இரவலாகத் தருகிறேன். அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை கல் பழைய இடத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் என் வேலை போய்விடும். வாக்குக் கொடுத்துவிட்டு எடுத்துப் போ.

இன்னாசிமுத்து

சமயநல்லூர், 24-2-1936

மாப்ள,

காதுகுத்து நன்றாக நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து பயல் அழவே இல்லை. நாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கோயம்புத்தூர் மில்லில் இருக்கிற பங்காளிகள்கூட வந்திருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரே இடத்தில் நான் பார்த்ததே கிடையாது. உனக்குப் புண்ணியம்.

மறுநாள்தான் இரவல் விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமியப் போயி இரவல் வாங்குவானாடா ஒருத்தன்?" என்று அத்தை கேட்டாள். ஆனால் வாக்குக் கொடுத்தவன் நான். உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கல்லைத் தூக்க ஒரு கை வரவில்லை. நானும் மூத்தவனும் கடப்பாரை போட்டு நெம்பி வண்டியில் ஏற்றிவிட்டோம். பங்காளிகள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அத்தை வீட்டில் எனக்கு இனி இலை கிடையாதாம். சனிக்கிழமை கல்லோடு வருகிறேன். அன்றைக்கு உன் வீட்டில் எனக்குச் சோறு போடச் சொல்.

உக்கிரபாண்டி

மதுரை, 26-2-1936

அன்புள்ள மாப்ள,

கல்லை வண்டியிலிருந்து இறக்கு.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. உன் அத்தை கேட்டது என்னைத்தான். உன் சாமியை இரவல் வாங்கியவன் நான். தருகிறவன்போல உன்னிடம் வாக்கு வேறு வாங்கினேன்.

சாமியார் முன்னதாகவே திரும்பிவிட்டார். இன்று சாம்பல் புதன், கோயிலில் சாம்பல் பூசி வந்த நெற்றியோடு அவரிடம் போய், கல்லை அனுப்பியவன் நான், அது திரும்பி வராது என்றேன். காட்சிசாலைச் சாவியை வாங்கிக்கொண்டார். வேலையைப் பற்றி யோசித்துச் சொல்வாராம். ஆனிமேரியிடம் சொன்னேன், பார்த்துக்கொள்வோம் என்றாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சாவியைக் கொடுப்பதற்கு முன் அட்டையை மட்டும் மாற்றிவிட்டேன். "இங்கே இருந்தவர் சமயநல்லூர் உக்கிரபாண்டி வீட்டாரின் சாமி. வீட்டுக்குப் போயிருக்கிறார்" என்று இப்போது இருக்கிறது.

சனிக்கிழமை வெறுங்கையோடு வா. தவக்காலம், கறி கிடையாது, கத்தரிக்காய்க் குழம்புதான். இலை நறுக்கி வைத்திருப்போம்.

உன்
இன்னாசிமுத்து