எறும்புக்கு வாரண்டி கிடையாது

9 ஆகஸ்ட் 1997, சனி

காலையிலிருந்து லாப்டாப் உயிர் பெறவில்லை. பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறது. அரை நாள் வேலை முடிந்ததும் கொம்தார் கடைத் தொகுதிக்கு பஸ் ஏறினேன். மார்ச்சில் வாங்கிய அதே கடை. வாரண்டி ஒரு வருஷம், அட்டையையும் கொண்டுபோயிருந்தேன்.

கவுண்டரில் நோர்மா என்று ஒரு மலாய்ப் பெண். தமிழர்கள் நிறைய வந்துபோகும் கடை போலிருக்கிறது, 'அக்கா' என்று கூப்பிடக் கற்று வைத்திருக்கிறாள். மற்றதெல்லாம் மலாய்தான். திங்கட்கிழமை போன் பண்ணுவதாகச் சொன்னாள்.

தம்பி குலசேகரம் இந்நேரம் எழுதியிருப்பான். பெர்த்துக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது அவன்தான் சொன்னான்: "போன் பில் ஏறும்க்கா. இமெயில் வச்சுக்குங்க, தினமும் பேசலாம்." முதலில் தினமும்தான் வந்தது. பிறகு வாரம் ஒன்று. அவனுக்கும் புது ஊர், புது வேலை.

என் பதில் வராவிட்டால் பயந்துவிடுவானே.

11 ஆகஸ்ட், திங்கள்

நோர்மா போன் பண்ணவில்லை.

13 ஆகஸ்ட், புதன்

ஆபீசுக்கே போன் வந்தது. "செமுட், அக்கா." எறும்பாம்! உள்ளே கூடு வைத்து முட்டையும் இட்டிருக்கிறதாம். சொல்லிவிட்டு முதலாளியிடம் கொடுத்தாள். மிஸ்டர் கோ இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார், எறும்புக்கு வாரண்டி கிடையாது என்று. கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். யோசிக்கவேயில்லை, வாயில் வந்துவிட்டது.

16 ஆகஸ்ட், சனி

மானம் போயிற்று.

லாப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்திருந்தார்கள். மிஸ்டர் கோ டார்ச் அடித்துக் காட்டினார். சின்னக் கறுப்பு எறும்புகள், உமியைப் போல முட்டைகள். எழுத்துப் பலகைக்கு அடியில் பிஸ்கட் தூள், அப்பளத் துணுக்கு, ஒரு கடுகு. நோர்மா அந்தக் கடுகை விரல் நுனியில் எடுத்து, இது எந்தப் பகுதியிலிருந்து கழன்றது என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல். "தாளிக்கிறது," என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பையன் சிரித்துவிட்டான்.

"மிஸ்யூஸ், ஆன்ட்டி," என்றார் மிஸ்டர் கோ.

அவ்வளவுதான், எனக்குத் தமிழ் வந்துவிட்டது. "நான் என்ன மெஷினுக்கா சோறு ஊட்டினேன்? எறும்புன்னு இந்த அட்டையில எங்க போட்டிருக்கு, காட்டுய்யா பார்ப்போம்!" அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. கடையே திரும்பிப் பார்த்தது. கப்பல் கம்பெனியில் தலைமை குமாஸ்தா, இருபது வருஷமாக ஒருத்தரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. எறும்புக்காகக் கத்திவிட்டு வந்திருக்கிறேன்.

வேறெங்கே சாப்பிடச் சொல்கிறார்கள்? சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலி. நடுவில் நான் மட்டும் தட்டை வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கணுமா? குலம் எழுதினதைத் திறந்து வச்சுக்கிட்டுச் சாப்பிட்டா ரெண்டு வாய் சோறு கூட இறங்குது. அதுல என்ன தப்பு?

20 ஆகஸ்ட், புதன்

பக்கத்து மேசை ராமதாஸ் எறும்புக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, "இதெல்லாம் நீங்க பேசினா நடக்காதுக்கா. சனிக்கிழமை நான் வரேன். என் குரலுக்கே கொடுத்துருவான் பாருங்க லா," என்றான்.

23 ஆகஸ்ட், சனி

ராமதாஸ் வந்தான். மிஸ்டர் கோவும் அவனும் ஒரே பந்தாட்டக் குழுவின் ரசிகர்கள் என்று தெரிந்தது. அரை மணி நேரம் கோல் கணக்கு பேசினார்கள். கடைசியில் தன் மகனுக்கு ஒரு மௌஸ் வாங்கிக்கொண்டு, "நல்ல மனுஷன்தான்க்கா, சட்டம் அப்படி," என்றான்.

பஸ் நிறுத்தம்வரை அவனை விட்டு முன்னால் நடந்தேன்.

30 ஆகஸ்ட், சனி

மிஸ்டர் கோ ஈப்போவுக்குப் போயிருந்தார். நோர்மா மட்டும் இருந்தாள். என்னைக் கண்டதும் நாற்காலி இழுத்துப் போட்டாள். வாராவாரம் வருகிறேனே, ஆபீஸ் வேலை நின்றுபோயிற்றா என்று மலாயில் கேட்டாள். தம்பி எழுதுவான், பதில் இல்லாவிட்டால் கவலைப்படுவான் என்றேன்.

"அப்படின்னா ஒரு போன் பண்ணிச் சொல்லிடலாமே, அக்கா."

ஏன் நான் போன் பண்ணவில்லை? பில்லுக்குப் பயந்தா? எடுத்தவுடன் 'என்னக்கா, ஏதாவது அவசரமா?' என்று கேட்பான், அதற்கா?

அவனிடமும் என் நம்பர் இருக்கிறது.

நோர்மா லாப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். சின்ன பிரஷ் எடுத்து உள்ளே இருந்ததையெல்லாம் கூட்டித் தள்ளினாள், மூலை மூலையாக, குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி. மூடித் திருகினாள். கோலாலம்பூர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும் தாளில் 'ஆன் ஆகவில்லை' என்று மட்டும் எழுதி எனக்குக் காட்டினாள்.

"பொய் இல்லைதானே அக்கா? ஆன் ஆகலைதானே?"

"ஆகலை," என்றேன்.

முதலாளி கேட்டால் என்ன சொல்வாய் என்றதற்குத் தோளைக் குலுக்கினாள்.

13 செப்டம்பர், சனி

ஊரெங்கும் காட்டுத்தீப் புகைமூட்டம். கடல் பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. கொம்தாருக்குப் போகவில்லை. சனிக்கிழமை மதியத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியைத் துடைத்தேன்.

20 செப்டம்பர், சனி

வந்துவிட்டது! உள் பலகையையே மாற்றியிருக்கிறார்கள், முழுக்க வாரண்டியில். எறும்பு என்ற பேச்சே இல்லை. தனக்குத் தெரிந்தவர் மூலம் சொல்லி எனக்காகவே செய்து வாங்கியதாக மிஸ்டர் கோ சொன்னார். நன்றி சொன்னேன். அவருக்குப் பின்னால் நோர்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ரசீது எழுதினாள். மோடத்தைச் சோதித்துவிட்டாளாம்; காலையிலேயே போன் பண்ணி என் இமெயில் முகவரியைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் போன் கம்பியைச் செருகினேன். ஆறு வாரத்துக் கடிதம், இறங்க நேரமாகும் என்று காப்பி கலக்கப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்திருந்தது.

மூன்று.

ஒன்று குலம் அனுப்பிய நகைச்சுவைத் துணுக்கு. இருபது பேருக்கு அனுப்பியதில் என் பெயரும் இருந்தது. இன்னொன்று செப்டம்பர் இரண்டாம் தேதி: வீட்டு வரி பில் வந்ததா, வந்தால் சொல்லுங்கள் என்று. இரண்டிலும் தேடிப் பார்த்தேன். ஏன் பதில் இல்லை, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஒரு சொல் இல்லை.

பயப்படவில்லை. நான்தான் அவன் பயந்துவிடுவான் என்று ஆறு வாரமாகக் கடைக்கு நடந்திருக்கிறேன்.

மூன்றாவது தெரியாத முகவரி. திறக்க மனசு வரவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

மூன்றாவதைத் திறந்தேன். நோர்மாவுடையது. நேற்றுக் காலை கடையிலிருந்து அனுப்பியிருக்கிறாள். மலாயில் நாலு வரி:

'புஷ்பராணி அக்காவுக்கு. இது சோதனைக் கடிதம். வந்து சேர்ந்ததா என்று சொல்லுங்கள். எறும்புகள் வீடு மாறிவிட்டன. நோர்மா.'

வந்து சேர்ந்தது என்று பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியோடு நிறுத்தத்தான் நினைத்தேன், ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது. என் மலாயில் எத்தனை பிழையோ. திருத்தாமல் அனுப்பிவிட்டேன்.

குலத்துக்கு வீட்டு வரி பற்றி நாளை எழுதினால் போதும்.