படிக்கத் தெரியாதவள்

ஜனவரி 12, ஞாயிறு. மட்டாஞ்சேரி, கொச்சி.

கண்ணூரிலிருந்து வந்துவிட்டோம். கடற்கரையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காவில் நடந்ததுதான் உறுத்துகிறது.

கடற்கரைக்கு மேலே காட்டுப் பாதை முடிகிற இடத்தில், பாம்புகளுக்கென்று விட்டுவைத்த சோலை அது. செருப்போடு நுழையக் கூடாது என்று மலையாளத்தில் பலகை இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. இங்கேயே வாழும் எனக்கோ தமிழைவிட மலையாளம்தான் வேகமாக ஓடும். ஆனால் உள்ளே அட்டை கடிக்குமே என்று பயந்து, பலகையைப் பார்க்காததுபோல் நடந்தேன். அவர்களும் என் பின்னாலேயே வந்தார்கள்.

விளக்கு வைக்க வந்த சேட்டன் பதறிவிட்டார். "செருப்பிட்டு கேறருது! போர்டு கண்டில்லே?"

அத்திம்பேர் என்னைப் பார்த்தார்.

"தெரியலைங்க, நாங்க கோயம்புத்தூருங்க" என்றேன். அந்த 'ங்க' என் வாயில் எப்படித்தான் வந்ததோ!

சேட்டனின் முகம் இளகிவிட்டது. "பாவங்கள், தமிழரா. வாயிக்கான் அறியில்ல" என்று, படிக்கத் தெரியாத எங்களுக்காகப் பரிதாபப்பட்டுத் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "பரவால்ல அம்மா" என்று மஞ்சள்பொடிப் பிரசாதம் தந்தார்.

காரில் அக்கா என் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்டிருக்கலாம்.

மஞ்சள்பொடி இன்னும் பையில்தான் இருக்கிறது. நெற்றியில் இட்டுக்கொள்ளக் கை வரவில்லை. 'க்ஷமிக்கணே சேட்டா' என்று இப்போது மட்டும் வாய் தானாக முணுமுணுக்கிறது. சுத்தமான மலையாளத்தில்.