பாவு பிணைத்த கையும் ஆங்கிலப் பரீட்சையும்

அன்புத் தோழி,

இன்று காலை செவிலிமேடு பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் இலக்கணப் புத்தகத்தை மடியில் வைத்து, "ஹூ, விச், தட்" என்று முணுமுணுத்தாள். நீ மறைந்து ஓராண்டாகிறது. சட்டென்று உன் குரல்தான் கேட்டது.

அறுபதுகளின் கடைசி. எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் தேறினேன்; நீ ஆங்கிலத்தில் மட்டும் தவறினாய். ஆசிரியப் பயிற்சிக்குப் போவதுதான் உன் ஆசை. "அக்டோபர்ல மறுபடி எழுதியும் போச்சுன்னா, பேசிவெச்ச மாப்ளையோட தையில கல்யாணம்மா. அப்பால படிப்புப் பேச்சே கூடாது" என்றார் உன் அப்பா.

ஹூ, விச் போட்டு இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும் கேள்விதான் உன்னைக் கவிழ்த்தது. மறுதேர்வுக்கு நானே உனக்குப் பாடம் சொல்ல வந்தேன். மனிதருக்கு ஹூ, பொருளுக்கு விச் என்றேன். நீ தறிக்கு ஹூ போட்டாய்.

"தறி என்ன ஆளாடி?"

"எங்களுக்குச் சோறு போடுறதே அதான். விச்னா கோச்சுக்கும்."

சிரித்தோம். ஆனால் 'சேலை நெய்த பெண்' என்று தமிழில் விவரம் முன்னால் வருகிறதே, அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை. ஆங்கிலத்திலும் விவரத்தை முன்னே தள்ளிவிட்டு, ஹூவை எங்காவது கடைசியில் ஒட்டுவாய்.

ஒரு பிற்பகல் உன் வீட்டுத் தறியில், தீர்ந்துபோன பாவின் நீளவாட்டு இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தாய். விரலில் சாம்பலைத் தொட்டு, இழையோடு இழையை முறுக்கியபடி என் பாடத்தைக் கேட்டாய். திடீரென்று கை நின்றது.

"இருடி. பழைய இழை முடியிற எடத்துலதானே புதுசைப் புணைக்கிறேன்? கேர்ள்னு பேரு முடிஞ்ச எடத்துலயே ஹூவைப் புணைச்சுட்டா?"

"அதேதான்!"

"இத்தச் சொல்லாம இத்தினி நாளா இன்னாடி கத்திக்கினு இருந்தே?"

அதன்பின் கை ஓயும்வரை முறுக்குக்கொரு வாக்கியம். பால்காரர், அவர் மாடு, எதிர்வீட்டுச் சண்டை, எதையும் நீ விட்டுவைக்கவில்லை.

தேர்வு முடிவு வந்த காலை, செய்தித்தாளில் உன் எண்ணைக் கண்டதும் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாய்: "ஐ ஆம் த கேர்ள் ஹூ பாஸ்ட்!"

"இன்னாமா சொல்றா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"பாஸ் பண்ண பொண்ணு நான்தான்னு சொல்றா மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "மாப்ள வூட்டாண்ட சொல்லிட்டு வந்துடறேன். பொண்ணு படிக்கப் போவுது."

நீ முசரவாக்கத்தில் ஆசிரியையானாய். நானும் ஆங்கிலம் கற்பிக்கப் போனேன். அந்தப் பாடம் வந்தால் உன் வாக்கியத்தைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். கடைசிச் சொல்லை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தன் வெற்றியை வைத்துச் சொல்லும்படி ஒவ்வொரு மாணவியையும் எழுப்புவேன். சைக்கிள் ஓட்டப் பழகியவள், அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுத்தந்தவள், கிணற்றில் குதித்து நீந்தியவள் என்று எழுந்துகொண்டே இருப்பார்கள். சொல்ல ஒன்றுமில்லை என்று ஒருத்திகூட உட்கார்ந்ததில்லை.